திருகோணமலையில் ஒரு நோபல் அலமாரி: இரவல் நூலகமொன்றின் ஊகச் சேவை பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரில், பத்திரகாளி அம்மன் கோவிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு சிறிய புத்தகக் கடையும் அதனோடு சேர்ந்த இரவல் நூலகமும் இயங்கி வருகின்றன. முன்பக்கத்தில் பாடசாலைக் கொப்பிகளும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் விற்பனையாகின்றன. இலக்கிய நூல்கள் பின்னறையில் இருக்கின்றன. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ஊரார் அவரை ரீச்சர் என்றே அழைப்பதாலும், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதாலும், நானும் ரீச்சரின் கடை என்றே குறிப்பிடுகிறேன். வருடந்தோறும் ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் அப்பின்னறையின் அலமாரியொன்று வெறுமையாக்கப்பட்டு, இலக்கியத்துக்கான நோபல் பரிசு இம்முறை யாருக்குக் கிடைக்கலாம் என்று பேசப்படும் எழுத்தாளர்களின் நூல்கள் அதில் அடுக்கப்படுகின்றன. ஒக்டோபர் அறிவிப்புக்கு முதல் நாள் வரை வாசகர்கள் அவற்றை இரவல் எடுத்து வாசித்து, தங்கள் ஊகத்தை எழுதிக் கொடுக்கலாம். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது இந்தச் சேவையைத்தான்.

இதற்கென அச்சிடப்பட்ட சீட்டு கொப்பித்தாளில் பாதியளவு இருக்கும். முதலாவது கோட்டில் எழுத்தாளரின் பெயரையும், இரண்டாவதில் அவர் எழுதும் மொழியையும், மூன்றாவதில் அவருடைய நூல்களில் நாம் வாசித்து முடித்தது எது என்பதையும் எழுத வேண்டும். எஞ்சிய இடம் முழுவதும் காரணத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது கோடு வெறுமையாக இருந்தால் ரீச்சர் சீட்டை ஏற்பதில்லை. எழுதியிருந்தாலும் நூலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டே பெட்டியில் போடுவார். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர் ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கதையின் பிற்பகுதி பற்றிய கேள்விக்குத் தடுமாறியபோது, ரீச்சர் சீட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வாசிச்சு முடிச்சிட்டு வாங்கோ தம்பி, பெட்டி இங்கதான் இருக்கும்" என்றார். அவர் மறு கிழமை வாசித்து முடித்துவிட்டே வந்தார் என்று பிறகு அறிந்தேன். போட்டியில் பணம் கட்டுவதும் இல்லை, பணப் பரிசும் இல்லை. ஊகம் பலித்தவர்களுக்கு, அவ்வருடம் பரிசு பெற்ற எழுத்தாளரின் நூலொன்று கடைக்கு வந்து சேர்ந்ததும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படும்.

இந்த ஒரு விதிக்காகவே நான் இச்சேவையை உயர்வாக மதிக்கிறேன். நோபல் ஊகம் என்றவுடன் பலரும் இணையத்தில் தேடிப் பார்ப்பது பிரித்தானியப் பந்தய நிறுவனங்களின் பட்டியல்களைத்தான். அத்தகைய பட்டியலில் ஒருவருடைய பெயர் மேலே இருக்கிறது என்றால், பணம் எந்தப் பக்கம் போகிறது அல்லது போகக்கூடும் என்று அந்நிறுவனம் கணித்திருக்கிறது என்றே பொருள். பரிசாளரைத் தெரிவு செய்யும் சுவீடிஷ் அக்கடமியினர் எந்த நூலை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஹருகி முரகாமி எத்தனையோ வருடங்களாக அப்பட்டியல்களின் மேல்வரிசையில் நின்றிருக்கிறார். 2024 இல் சீன எழுத்தாளர் சான் ஷுவே முன்னணியில் இருந்தார். பரிசு தென்கொரியாவின் ஹான் காங்குக்குக் கிடைத்தது. 2021 இல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவைப் பந்தயக்காரர்கள் பொருட்படுத்தியிருக்கவே இல்லை. அவரோ 1994 இலேயே பிரித்தானியாவின் புக்கர் நாவல் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர். காலனியம் கிழக்காபிரிக்கக் கரையோர மக்களுக்கு என்ன செய்தது என்பதைப் பல தசாப்தங்களாக எழுதிவந்தவர். அவரை வாசித்த ஒருவர் அப்பெயரைச் சீட்டில் எழுதியிருக்க முடியும். பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

பட்டியல்கள் பலித்த வருடங்களும் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. 2023 இல் நோர்வேயின் யோன் ஃபொசேயும் 2025 இல் ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்காயும் முன்கூட்டியே பரவலாகப் பேசப்பட்டவர்கள்தாம். ஆயினும் சில வருடங்களில் ஒரு பெயர் கடைசி நேரத்தில் மளமளவென்று மேலேறியதற்குக் காரணம் வாசிப்பு அல்ல. 2008 இல் பிரெஞ்சு எழுத்தாளர் லே கிளேசியோவின் மீதான பந்தய விகிதம் அறிவிப்புக்கு முன்னர் திடீரென மாறியபோது, தகவல் கசிந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுந்தது. 2018 இல் அக்கடமியையே உலுக்கிய நெருக்கடியின்போது, வெற்றியாளர்களின் பெயர்கள் முன்கூட்டியே வெளியே போயிருந்தன என்பது அக்கடமி நியமித்த சட்டத்தரணிகளின் விசாரணையில் தெரியவந்தது. அவ்வருடப் பரிசு ஒத்திவைக்கப்பட்டு, 2019 இல் ஓல்கா தொகார்சுக்குக்கும் பீட்டர் ஹாண்ட்கேக்கும் இரு வருடங்களுக்குரிய பரிசுகள் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. யாரோ ஒருவர் யாரிடமோ சொன்ன இரகசியத்தின் மீது கட்டப்படும் பணத்தை இலக்கிய ஊகம் என்று ஏற்க என் மனம் இடம்தரவில்லை.

ரீச்சரின் அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில், பரிசுத் தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்கும் பெரிய தாளொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அவருடைய கையெழுத்திலேயே எழுதப்பட்டது அது. 1786 இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவினால் நிறுவப்பட்ட சுவீடிஷ் அக்கடமியில் 18 ஆசனங்கள் உள்ளன. அதன் உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட குழுவொன்று முன்னேற்பாட்டு வேலைகளைச் செய்கிறது. பரிந்துரைகள் ஜனவரி 31 க்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வாறு சேரும் ஏறத்தாழ 200 பெயர்கள் ஏப்ரலில் 15 முதல் 20 வரையாகவும், மே மாத முடிவில் ஐந்தாகவும் குறைக்கப்படுகின்றன. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை உறுப்பினர்கள் அந்த ஐவரையும் வாசிக்கிறார்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் வாக்கெடுப்பு. பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறுபவருக்கே பரிசு. யார் பரிந்துரைத்தார்கள், யார் பரிந்துரைக்கப்பட்டார்கள் என்ற விபரம் 50 வருடங்களுக்கு வெளியிடப்படுவதில்லை. அத்தாளின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது: நாம் ஓகஸ்டில் இந்த அலமாரியைத் திறக்கும்போது அவர்கள் கையில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன, நாமும் அவர்களோடு சேர்ந்து வாசிப்போம் என்று எழுதியிருக்கிறார்.

அலமாரியின் ஒவ்வொரு நூலோடும் ஒரு மட்டை அட்டை வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளர் பிறந்த வருடம், எழுதும் மொழி, பெற்ற பிற பரிசுகள், தமிழில் ஏதாவது கிடைக்கிறதா என்ற குறிப்பு, கீழே இதுவரை இரவல் எடுத்தவர்களின் கையொப்பங்கள் ஆகியன அதில் இருக்கும். ருமேனிய எழுத்தாளர் மிர்சியா கர்தரெஸ்குவின் அட்டையில், 1956 இல் பிறந்தவர், 2024 இல் டப்ளின் இலக்கிய விருது பெற்றவர் என்ற விபரங்களுக்குக் கீழே, "மிகத் தடித்த நூல், இரண்டு கிழமை தரப்படும், அவசரப்பட வேண்டாம்" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிரதியின் நடுப்பகுதியில் யாரோ பஸ் பற்றுச்சீட்டு ஒன்றைச் செருகிவைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் தாள்கள் புரட்டப்பட்ட அடையாளமே தெரியவில்லை. அவுஸ்திரேலியாவின் ஜெரால்ட் மர்னேன், கனடாவின் ஆன் கார்சன், மார்கரெட் அட்வுட், சல்மான் ருஷ்டி, அமிதாவ் கோஷ் ஆகியோரும் சென்ற முறை அங்கே இருந்தார்கள்.

கீழ்த்தட்டு முன்னர் பரிசு பெற்றவர்களின் தமிழாக்கங்களுக்கு உரியது. ஒரு புதிய வாசகர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய தட்டு அதுவே என்று சொல்வேன். க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்த செல்மா லாகர்லெவ்வின் 'மதகுரு'வும், நட் ஹாம்சனின் 'நிலவளம்' நாவலும், பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி'யும் பழுப்பேறிய பதிப்புகளாக அங்கே இருக்கின்றன. 1909, 1920, 1951 ஆம் ஆண்டுகளின் பரிசாளர்கள் அவர்கள். வட ஐரோப்பிய எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்த அந்த உழைப்பை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த கமுயின் 'அந்நிய'னும், ஜி. குப்புசாமி மொழிபெயர்த்த ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'ம் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஸ்டொக்ஹோமில் எந்த வகையான எழுத்து மதிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை ஆங்கிலம் வாசிக்க இயலாத ஒருவரும் அந்தத் தட்டிலிருந்து ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

அலமாரியின் வலது ஓரத்தில் தனியாக ஒரு சிறு அடுக்கு உண்டு. பல வருடங்கள் ஊகப் பட்டியல்களில் இருந்து, பரிசு கிடைக்காமலே காலமானவர்களின் நூல்களை ரீச்சர் அங்கே மாற்றிவைக்கிறார். 2018 இல் பிலிப் ரோத், 2023 இல் மிலன் குந்தேரா, 2024 இல் இஸ்மாயில் கதாரே, 2025 மே மாதத்தில் கென்யாவின் கூகி வா தியாங்கோ. இறந்தவருக்குப் பரிசு அறிவிப்பதை நோபல் நிறுவனத்தின் விதிகள் 1974 முதல் அனுமதிப்பதில்லை. அதற்கு முன்னர் 1931 இல் சுவீடன் கவிஞர் கார்ல்ஃபெல்டுக்கு அவர் இறந்த பின் வழங்கப்பட்டது. தன் தாய்மொழியான கிகுயூவில் எழுதுவதென்று முடிவெடுத்து, சிறையிலிருந்தபோதும் அம்முடிவைக் கைவிடாத கூகிக்கு இப்பரிசு போய்ச் சேராதது அக்கடமியின் பெருங்குறைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில், அவருடைய நூல்கள் அந்த ஓரத்து அடுக்கிலாவது தொடர்ந்து இருக்க வேண்டும்.

செப்டெம்பர் மாதத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பின்னறையில் கலந்துரையாடல் நடைபெறும். பிளாஸ்டிக் கதிரைகளும் பிளேன்ரீயும் மாத்திரமே ஏற்பாடு, பேச்சு தரமானது. 2024 இல் உயர்தர வகுப்பு மாணவியொருவர் ஹான் காங்கின் பெயரை முன்வைத்தார். அவர் சொன்ன காரணத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். சர்வதேச புக்கர் பரிசு முன்னர் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ஒருவரது முழு எழுத்துக்காகவும், 2016 முதல் வருடந்தோறும் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்காகவும் வழங்கப்படுகிறது என்று விளக்கிவிட்டு, அப்பரிசை 2009 இல் பெற்ற அலிஸ் மன்றோ 2013 இல் நோபல் பெற்றதையும், 2018 இல் அதைப் பெற்ற தொகார்சுக் அதே வருடத்துக்குரிய நோபலையும் பெற்றதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிறகு, 2016 இல் ஹான் காங்குக்கு அதைப் பெற்றுக்கொடுத்த நாவலின் தமிழாக்கமான 'மரக்கறி'யைத் தாம் இரண்டு தடவை வாசித்ததாகவும், இறைச்சி உண்ண மறுக்கும் ஒரு பெண்ணை அவள் குடும்பமே பலவந்தப்படுத்தும் காட்சியை எழுதியவர் தம் நாட்டின் வன்முறையையும் எழுதாமல் விடமாட்டார் என்று நம்புவதாகவும் சொன்னார். தென்கொரியாவில் 1980 இல் நடந்த குவாங்ஜு படுகொலை பற்றி ஹான் காங் எழுதிய நாவல் அம்மாணவிக்கு அப்போது கிடைத்திருக்கவில்லை. வாசித்ததிலிருந்து வாசிக்காததை அனுமானித்த அந்தத் திறமைக்குத்தான், ஊகம் பலித்ததைவிட, நான் கூடுதலான மதிப்புக் கொடுப்பேன். 2025 இல் கிராஸ்னஹோர்காய் பரிசு பெற்றபோது அக்கணக்கு மேலும் வலுப்பெற்றது. அவர் 2015 இன் சர்வதேச புக்கர் பரிசாளர். கதாரே, சினுவா அச்செபே, ரோத் ஆகியோரும் அதே பரிசைப் பெற்று நோபல் பெறாமற்போனவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து வரும் மௌலவி ஒருவர் வருடந்தோறும் சிரியாவில் பிறந்த அரபுக் கவிஞர் அடோனிஸின் பெயரையே எழுதுகிறார். ஆங்கிலம் அல்லாத மொழியொன்றில் எழுதுபவரை மூலமொழியிலேயே வாசித்துவிட்டு வருபவர் அந்த அறையில் அவர் ஒருவரே. அரபு மொழிக்கு இதுவரை கிடைத்திருப்பது 1988 இல் நஜீப் மஹ்பூஸ் பெற்ற ஒரே ஒரு நோபல் மாத்திரமே என்பதும், அடோனிஸ் 1930 இல் பிறந்தவர் என்பதும் அவருடைய கவலைகள். சென்ற முறை ஒரு கவிதையை அவர் முதலில் அரபியில் ஓதி, பின்னர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். பேசிக்கொண்டிருந்த பையன்களும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பந்தயப் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த கவிஞர் அன்றிலிருந்து ஒரு குரலாகவும் தெரியத் தொடங்கினார்.

நம்மவர்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி ஒவ்வொரு கலந்துரையாடலிலும் எழுகிறது. தெற்காசிய மொழியொன்றில் எழுதிய எழுத்தாளர்களில் 1913 இல் தாகூர் ஒருவருக்கே நோபல் கிடைத்திருக்கிறது. அவரைப் பரிந்துரைத்தவர் தோமஸ் ஸ்டர்ஜ் மூர் என்ற ஆங்கிலக் கவிஞர் ஒருவர் மாத்திரமே. அப்படியிருந்தும் பரிசு கிடைத்ததற்கு, அவருடைய கவிதைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்திருந்தது முக்கியமான காரணம். பரிந்துரைக்கும் தகுதி முன்னைய பரிசாளர்களுக்கும், பிற நாடுகளின் அக்கடமிகளுக்கும், எழுத்தாளர் சங்கத் தலைவர்களுக்கும் மட்டுமன்றி, பல்கலைக்கழகங்களின் இலக்கிய, மொழியியல் பேராசிரியர்களுக்கும் உண்டு. ஆகவே நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பேராசிரியர்கள் கூட ஜனவரி முடிவதற்குள் ஒரு கடிதம் எழுதலாம். ஆனால் அக்கடிதத்தைப் பெறுபவர்கள் எதை வாசிப்பார்கள் என்பதே கடினமான பகுதி. 2023 இல் பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பினூடாக, சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2022 இல் இந்தியிலிருந்து கீதாஞ்சலி ஸ்ரீயும், 2025 இல் கன்னடத்திலிருந்து பானு முஷ்டாக்கும் அப்பரிசையே வென்றார்கள். இந்த வாசல் திறந்திருக்கிறது. ஈழத்துத் தமிழ் எழுத்தில் ஒருவருடைய பெயரைச் சீட்டில் எழுத வேண்டுமானால், அவருடைய நான்கைந்து நூல்களாவது நல்ல ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கிடைக்க வேண்டும். அது நடக்காதவரை நமது ஆதங்கம் ஆதங்கமாகவே இருக்கும் என்று ரீச்சர் சொன்னபோது அறையில் எவரும் மறுக்கவில்லை.

என்னுடைய ஊகத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2012 முதலான பரிசாளர்களை வரிசைப்படுத்தினால், ஓர் ஆண், ஒரு பெண் என்று மாறி மாறி வருவது தெரியும். 2016 இல் பொப் டிலனுக்கு அடுத்து 2017 இல் கசுவோ இஷிகுரோ வந்தது மாத்திரமே விதிவிலக்கு. இது விதியல்ல, ஆனால் வாக்களிப்பவர்கள் முன்னைய வருடங்களை மறந்துவிட்டு வாக்களிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்பானிய மொழிக்கு 2010 இல் மரியோ வர்காஸ் லோசாவுக்குப் பிறகு பரிசு கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் மனதில் வைத்து, மெக்சிகோவின் கிறிஸ்டினா ரிவேரா கார்சாவின் பெயரை இம்முறை எழுதப்போகிறேன். ஆயினும் அவரை நான் தெரிவு செய்ததற்கு உண்மையான காரணம் இந்தக் கணக்கு அல்ல. 1990 இல் கொலை செய்யப்பட்ட தன் தங்கையின் வழக்குக் கோப்பைத் தேடி, ஏறத்தாழ முப்பது வருடங்கள் கழித்து அவர் மெக்சிகோ நகரின் அலுவலகங்களில் ஏறி இறங்குவதை எழுதிய நூலுக்கு 2024 இல் நினைவுக்குறிப்புக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்படுவதும், கடிதத்துக்குப் பதில் வராததும், கோப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லாததும் இம்மாவட்டத்தில் எத்தனையோ தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் தெரிந்த வாழ்க்கை. அந்நூலை நான் ஒரே மூச்சில் வாசிக்க முடியாமல் இடையிடையே மூடிவைத்தேன். இழந்தவரைப் புலம்பலால் மூடிவிடாமல், அவளுடைய குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு அவளை உயிருள்ள இளம்பெண்ணாக மீண்டும் எழுந்து நிற்கச் செய்யும் அந்த எழுத்துக்கு எந்தப் பரிசு கொடுத்தாலும் தகும்.

இச்சேவையின் குறைகளையும் எழுத வேண்டும். அலமாரியில் நாவல்களே நிறைந்திருக்கின்றன; கவிஞர்கள் மிகக் குறைவு. 2011 இல் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கும் 2020 இல் லூயிஸ் குளுக்குக்கும் பரிசு கொடுத்த அக்கடமியைப் பின்தொடரும் அலமாரிக்கு இது பொருந்தாது. நாடகம் அறவே இல்லை. பந்தயப் பட்டியல்களை மறுக்கும் ரீச்சர், நூல்களைத் தருவிக்கும்போது அதே பட்டியல்களைப் பார்த்தே தருவிக்கிறாரோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. முரகாமியின் நூல்கள் தேவைக்கு அதிகமாக இருக்க, போர்த்துக்கீச மொழியிலிருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. அம்மொழிக்கும் 1998 இல் ஹோசே சரமாகோ பெற்ற ஒரு நோபல் மாத்திரமே உண்டு என்பதால், அங்கே தேடிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. பிரதிகள் ஒவ்வொன்றாகவே இருப்பதால், நல்ல நூலுக்குக் காத்திருக்க நேரிடும். 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் வெளிநாட்டுப் பதிப்புகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இதற்காக ரீச்சரைக் குறைசொல்வது நியாயமாகாது. சென்னையிலிருந்து வர வேண்டிய தமிழாக்கங்கள் தாமதமாவதும் அப்படித்தான். ஆனால் அறையில் மின்விசிறி ஒன்றே ஒன்று என்பதும், அதுவும் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை என்பதும் சீர்செய்யக்கூடியவை.

இன்னொரு குறை, எழுதப்பட்ட சீட்டுகள் அறிவிப்புக்குப் பிறகு என்னவாகின்றன என்பது. வென்றவர்களின் சீட்டுகள் மட்டும் சில நாட்கள் சுவரில் இருக்கும், பிறகு எல்லாம் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் போய்விடும். தவறிப்போன ஊகங்களுக்கு எழுதப்பட்ட காரணங்களில்தான் இந்நகரின் சிறந்த வாசகக் குறிப்புகள் சில இருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன். மௌலவி அடோனிஸைப் பற்றி எழுதிய அரைப்பக்கத்தை வருடந்தோறும் சேர்த்திருந்தால் இன்று ஒரு சிறு நூலே உருவாகியிருக்கும். அவற்றைத் திகதி வாரியாகக் கோவைப்படுத்தி, விரும்புபவர் வாசிக்கக் கூடியதாக வைக்க வேண்டும் என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வேலைக்கு உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அறிவிப்பு நாள் வழமையாக ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. சுவீடனில் பிற்பகல் ஒரு மணி. நமக்கு மாலை 4.30. பாடசாலை விட்டுப் பிள்ளைகளும், அலுவலகம் முடிந்து வருபவர்களும் வந்துசேர வசதியான நேரம். 2025 ஒக்டோபர் 9 ஆம் திகதி மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடையின் மடிக்கணினியைச் சுற்றி நின்றோம். அக்கடமியின் நிரந்தரச் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து முதலில் சுவீடிஷ் மொழியில் பேசுவதால், அந்த ஓசைகளுக்கிடையே பெயரைப் பிடித்துக்கொள்வதற்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். கிராஸ்னஹோர்காய் என்று கேட்டவுடன், அவருடைய முற்றுப்புள்ளியே வராத நீண்ட வாக்கியங்களை வாசித்து முடித்துச் சீட்டு எழுதியிருந்த தபால் உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். ரீச்சர் அவருடைய சீட்டை எடுத்து, காரணத்தை முழுவதுமாக உரக்க வாசித்தார். பெயரை வாசித்துவிட்டு விட்டுவிடாமல் காரணத்தையும் வாசிப்பது இக்கடையின் வழக்கம். அதை எக்காரணம் கொண்டும் கைவிடக்கூடாது.

இணைய விரும்புபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: இரவல் நூலகத்தின் அங்கத்துவத்துக்கு மீளப்பெறக்கூடிய வைப்புப் பணம் 1,000 ரூபாய், ஒரு நூலுக்குக் கிழமைக்கு 100 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. நோபல் அலமாரியின் நூல்களுக்கு ஒரு தடவைக்கு மேல் தவணை நீடிப்புக் கிடையாது. கடை காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். போயா நாட்களில் விடுமுறை. முதன்முறையாகப் போகிறவர்கள் கீழ்த்தட்டில் தொடங்கி, பிறகு மேல்தட்டில் ஒருவரைத் தெரிவு செய்வது நல்லது. செப்டெம்பர் பிறந்துவிட்டால் மெல்லிய நூல்கள் எல்லாம் வெளியே போய்விடும். பெரும்பாலும் கர்தரெஸ்கு மட்டுமே எஞ்சியிருப்பார். ஆகவே அலமாரி திறக்கும் கிழமையிலேயே போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.